சங்கத்தின் தபாற்பெட்டி யார் கையில்?

நமது சங்கங்களில் நெடுங்காலமாக ஒரு நல்ல வழக்கம் இருந்து வருகிறது. தபாற்காரர் கொண்டுவந்து கொடுக்கும் கடிதம் ஒவ்வொன்றும் வரும் தபால் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதப்படும். சங்கத்திலிருந்து வெளியே போகும் கடிதம் அனுப்பும் தபால் பதிவேட்டில் ஏறும்; அதன் நகல் கோப்பில் சேரும். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள்; இரண்டும் ஒரே கையில் இருத்தலாகாது. நிர்வாக சபை அங்கத்தினர் ஒருவர், தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டிப் படிப்பவரேயாயினும், பதிவேட்டைப் புரட்டி, "இந்த எண்ணுள்ள கடிதம் எங்கே?" என்று கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். கூட்டுறவின் பலம் இத்தகைய சிறு கட்டுப்பாடுகளில்தான் அடங்கியிருக்கிறது.

இன்று நூல் விலை விவரமும், துணிக்கான ஆர்டரும், பாங்கியின் அறிவிப்பும், ஜி.எஸ்.டி. நோட்டீசும், இலாகாவின் சுற்றறிக்கையும் பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகின்றன. தணிக்கைக்கும் ஆய்வுக்கும் நான் செல்லும் சங்கங்களில், "மின்னஞ்சல் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? கம்ப்யூட்டரில் அது எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால், அநேகமாக எனக்குக் கிடைக்கும் பதில், "அது தம்பிக்குத்தான் சார் தெரியும்" என்பதே. தம்பி என்று அவர்கள் குறிப்பிடுவது கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்து போகும் இளைஞரை. அன்று அவர் விடுப்பில் இருப்பார். அல்லது வேறு வேலை கிடைத்துப் போயிருப்பார்.

இது அந்தத் தம்பியின் குற்றமன்று, நமது குற்றம். மின்னஞ்சல் கணக்கும் அதன் இணைப்பு விவரங்களும் இரும்புப் பெட்டியின் சாவியைப் போன்றே சங்கத்தின் உடைமை. அவை தனி மனிதர் ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருத்தல் தகாது. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. "இது படித்த பிள்ளைகளின் விவகாரம், நமக்கு எட்டாது" என்று மூத்த அங்கத்தினர்கள் ஒதுங்கிவிடாமலிருக்கும் பொருட்டு, விஷயத்தை முதலில் விளக்க முற்படுகிறேன்.

இணைப்பு விவரம் என்பது யாது?

நமக்கு வரும் மின்னஞ்சல் நேராக நம் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்வதில்லை. இரவும் பகலும் ஓயாமல் இயங்கும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் அது வந்து தங்குகிறது. அதற்குச் சர்வர் என்று பெயர். அதுவே நமது தபால் நிலையம். அங்கே சென்று கடிதத்தைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஜிமெயில் போன்ற பக்கத்தை இணையத்தில் நேராகத் திறந்து பார்ப்பது ஒரு வழி. தண்டர்பேர்டு, அவுட்லுக் முதலிய செயலி ஒன்றைக் கம்ப்யூட்டரில் நிறுவி, அதன் மூலம் பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாம் வழியைக் கைக்கொண்டால், அச்செயலிக்கு நாம் சில விவரங்களைச் சொல்லி வைக்க வேண்டும். எந்தத் தபால் நிலையத்துக்குப் போவது என்னும் சர்வரின் பெயர் ஒன்று. அங்கே எந்த ஜன்னலில் நிற்பது என்னும் எண் இரண்டு. இதனைப் போர்ட் என்பர். கடிதத்தை மூடி முத்திரையிட்டுக் கொண்டு வருவதா, திறந்தபடி கொண்டு வருவதா என்பது மூன்று. நாம் இன்னார் என்று மெய்ப்பிக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நான்கு.

தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்குக்கு ஒரு ஜன்னலும் ஸ்பீடு போஸ்டுக்கு ஒரு ஜன்னலும் இருப்பதைப் போல, சர்வரிலும் கடிதம் வாங்க ஓர் இடம், கடிதம் கொடுக்க வேறோர் இடம். வருவதற்கும் போவதற்கும் விவரங்கள் தனித்தனியே எழுதப்பட வேண்டும். "கடிதம் வருகிறது சார், ஆனால் போகமாட்டேன் என்கிறது" என்று அடிக்கடி எனக்குத் தொலைபேசி வரும். அப்போது உள்வரும் பகுதியைத் தொடவே கூடாது. வெளிச்செல்லும் பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். அங்கே கடவுச்சொல் தேவை என்ற குறி இடப்படாமல் இருக்கும்; அல்லது 25 என்னும் பழைய எண் எழுதப்பட்டிருக்கும். திருட்டு அஞ்சல்களைத் தடுக்கும் பொருட்டு இணைய நிறுவனங்கள் பல அந்த வழியை அடைத்துவிட்டன. 587 அல்லது 465 என்று திருத்தினால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

உள்வரும் தபாலுக்குப் பழைய எண்கள் 110, 143 என்பவை. முத்திரையிட்ட வழிக்கு உரியவை 995, 993. முத்திரையில்லாத வழியில் கடவுச்சொல்லை அனுப்புவது, அதைத் தபால் கார்டில் எழுதிப் போடுவதற்கு ஒப்பாகும். வழியில் இருப்பவர் எவரும் படித்துக் கொள்ளலாம். ஆகவே 995, 993, 465, 587 என்னும் எண்களே நம் கம்ப்யூட்டரில் காணப்பட வேண்டும். 587 என்றிருப்பின், மறைகுறியாக்கமும் கூடவே இயக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதைப் பார்த்துச் சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை.

பாப், ஐமேப்: இரண்டில் எது?

கடிதத்தை வாங்கி வருவதற்கு இரண்டு முறைகள் வழக்கில் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பாப் என்னும் முறை ஒன்று. 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பவர் வகுத்த ஐமேப் என்னும் முறை மற்றொன்று. தொலைபேசிக் கம்பி வழியே சற்று நேரம் இணைத்துக் கடிதங்களை வாங்கிக்கொண்டு உடனே துண்டித்துவிடும் காலத்துக்குப் பாப் மிகவும் பொருந்தியிருந்தது. ஆள் தபால் நிலையத்துக்குப் போய், பெட்டியிலுள்ள கடிதங்களை அள்ளிக்கொண்டு வீடு திரும்புவது போன்றது அது. வீட்டிற்கு வந்தபின் தபால் நிலையப் பெட்டி காலி. ஐமேப் முறையிலோ கடிதங்கள் தபால் நிலையத்திலேயே இருக்கும். நாம் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பார்த்தாலும், கைப்பேசியிலிருந்து பார்த்தாலும், அதே கடிதங்கள், அதே வரிசையில் காணப்படும். நாம் அனுப்பிய கடிதங்களின் நகலும் அங்கேயே சேர்ந்திருக்கும்.

இந்த வேற்றுமையை நான் புத்தகத்தில் கற்றதைவிட அனுபவத்தில் கற்றதே அதிகம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில், "சார் படித்தவர், இதையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். அச்சங்கத்துக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்த சிறு நிறுவனமே மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தது. அதில் இடம் மிகக் குறைவு. துணி மாதிரிகளின் படங்கள் பத்துப் பதினைந்து வந்தால் பெட்டி நிரம்பிவிடும். இடம் மிச்சப்படட்டும் என்று கருதி, நான் பாப் முறையைத் தேர்ந்தெடுத்தேன். சர்வரில் நகல் வைத்திருக்க வேண்டுமா என்று செயலி கேட்டது. 14 நாட்களுக்குப்பின் அழித்துவிடு என்ற குறி ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. சரி என்று அழுத்திவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் அந்தக் கம்ப்யூட்டரின் வட்டு பழுதாயிற்று. புதிய கம்ப்யூட்டர் வாங்கிக் கணக்கை இணைத்தபோது, கடைசி 14 நாட்களின் கடிதங்கள் மட்டுமே வந்தன. அதே சமயத்தில் வெளியூர் வியாபாரி ஒருவருக்கும் சங்கத்துக்கும் துண்டு விலையில் தகராறு எழுந்தது. நூல் விலை ஏறியதை ஒட்டித் துண்டு ஒன்றுக்கு ஏழு ரூபாய் கூட்டித் தருவதாக அவர் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதைக் காரியதரிசி தம் கண்ணால் படித்திருக்கிறார், பதிலும் எழுதியிருக்கிறார். ஆனால் வந்த கடிதமும் இல்லை. அனுப்பிய கடிதத்தின் நகலும் இல்லை, அதுவும் பழுதான வட்டிலேயே கிடந்தபடியால். வியாபாரி, "தொலைபேசியில் ஏதோ பேசினோம், முடிவாகவில்லை" என்றார். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. கடைசியில் மூன்று ரூபாய்க்கு இணங்க வேண்டியதாயிற்று. மீதி நான்கு ரூபாய் தறியில் உட்கார்ந்தவர்களின் கூலியிலிருந்து போகவில்லை என்று எவர் சொல்ல முடியும்?

அந்தச் சபைக் கூட்டத்தில் வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர், "ஐயா, நூல் கட்டை எண்ணி வாங்குகிறோம், துண்டை எண்ணிக் கொடுக்கிறோம். இந்தக் கடிதத்தை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டோமே" என்றார். அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. நான்தான் அமைத்துக் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. எழுந்து நின்று, அது நான் செய்த பிழை என்று சொன்னேன். அன்றிலிருந்து எந்தச் சங்கத்திலும் இந்த ஒரு குறியைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை.

சங்கங்களுக்கு ஐமேப் முறையே ஏற்றது என்பது என் திடமான அபிப்பிராயம். இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. கிராமத்தில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது, அப்போது கடிதத்தைப் படிக்க முடியாதே என்பது ஒன்று. ஐமேப் முறையிலும் கம்ப்யூட்டரில் ஒரு நகலை வைத்துக்கொள்ளச் செயலிகளில் வசதி இருப்பதால், இந்த ஆட்சேபம் நிற்காது. இடம் போதாது என்பது மற்றொன்று. இது நியாயமான ஆட்சேபமே. இதற்கு மருந்து, கூடுதல் இடம் தரும் கணக்கை நாடுவதும், பழைய கடிதங்களை ஆண்டுவாரியாகத் தனி வட்டில் நகல் எடுத்துவிட்டுப் பின்பு நீக்குவதுமேயாகும்.

ஐமேப் ஒன்றே காப்பு என்றும் எண்ணிவிடலாகாது. அம்முறையில் ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழிந்துபோகும். கைப்பேசியில் விளையாட்டாக ஒரு குழந்தை அழித்த கடிதம் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் மறைந்துவிடும். ஆகவே தனி நகல் எப்படியும் அவசியம்.

கணக்கு யார் பெயரில்?

இணைப்பு விவரங்கள் சரியாக இருந்தாலும், கணக்கு பிறர் கையில் இருந்தால் பயனில்லை. விவசாயிகளின் சங்கம் ஒன்றில் குமாஸ்தா ஒருவர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்துச் சங்கத்தின் மின்னஞ்சலைத் தொடங்கினார். பின்பு அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். நல்ல மனிதர், கேட்டபோதெல்லாம் தம் கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லி உதவினார். ஆனால் ஒரு நாள் அவர் அந்த எண்ணையே விட்டுவிட்டார். அதன்பின் கணக்கைத் திறக்க வழியில்லை. ஜி.எஸ்.டி. பதிவிலும் அதே மின்னஞ்சலும் அதே கைப்பேசி எண்ணும் கொடுக்கப்பட்டிருந்தபடியால், அதிகாரியிடம் போய் அவற்றை மாற்றி முடிப்பதற்குள் கணக்குத் தாக்கல் தாமதமாயிற்று. தாமதக் கட்டணமும் செலுத்த நேர்ந்தது. எவரும் திருடவில்லை, எவரும் ஏமாற்றவில்லை. ஆயினும் சங்கத்துக்கு நஷ்டம்.

மற்றொரு குழப்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து வெளிச்செயலிகள் நுழைவதை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் தனது தனிநபர் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டம்பரில் பழைய முறைக்கு விடை கொடுத்தது. அதுவரை ஒழுங்காக ஓடிய செயலி, "கடவுச்சொல் தவறு" என்று திடீரெனச் சொல்லத் தொடங்கும். ஊழியர் பதறிக் கடவுச்சொல்லை மாற்றுவார், மறுபடியும் மாற்றுவார், கடைசியில் எது சரியென்று அவருக்கே மறந்துபோகும். தவறு கடவுச்சொல்லில் இல்லை. நுழையும் முறையில் இருக்கிறது. புதிய செயலியாக இருந்தால், கணக்கை வழங்கிய நிறுவனத்தின் பக்கத்தையே திறந்து நம்மிடம் அனுமதி வாங்கிக்கொள்ளும். அதற்கு இயலாத பழைய செயலிக்கு, ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் எனப்படும் 16 எழுத்துச் சொல்லைத் தனியே பெற்றுக் கொடுக்கலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தப் 16 எழுத்தும் செல்லாமற்போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் முறையையும் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் மேற்கொண்டிருக்கிறது. பழைய காரியதரிசி தொடங்கி, புதியவர் திறவாமல் விட்ட கணக்குகள் நம் சங்கங்களில் எத்தனை இருக்கின்றனவோ, இப்பொழுதே பார்ப்பது நலம்.

செய்ய வேண்டுவன

நிர்வாக சபைகள் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு தீர்மானம் இயற்ற வேண்டுகிறேன். முதலாவதாக, மின்னஞ்சல் கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கம் வாங்கிய கைப்பேசி எண்ணோடு இருக்க வேண்டும். அந்தக் கைப்பேசி அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவதாக, பதிவேடு ஒன்றில் ஒரு பக்கம் ஒதுக்கி, கணக்கின் முகவரி, அதை வழங்கும் நிறுவனம், உள்வரும் சர்வரின் பெயரும் எண்ணும், வெளிச்செல்லும் சர்வரின் பெயரும் எண்ணும், பாப் முறையா ஐமேப் முறையா என்பது, எந்தெந்தக் கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் இணைக்கப்பட்டிருக்கிறது என்பது ஆகியவற்றை எழுத வேண்டும். மாற்றம் செய்யும்போதெல்லாம் தேதியும் கையொப்பமும் இடவேண்டும். கடவுச்சொல்லை மட்டும் அப்பக்கத்தில் எழுதலாகாது. அதனை உறையிலிட்டு, மேலே தலைவரும் காரியதரிசியும் கையெழுத்திட்டு, இரும்புப் பெட்டியில் வைக்கலாம்.

மூன்றாவதாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதங்களைத் தனி வட்டில் நகல் எடுத்து, அந்த வட்டைக் கம்ப்யூட்டர் இருக்கும் மேஜையில் வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. ஆகவே இவை வெறும் பேச்சல்ல, தஸ்தாவேஜுகளே.

நான்காவதாக, ஊழியர் ஒருவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, ரொக்க இருப்பையும் நூல் இருப்பையும் ஒப்படைப்பது போலவே மின்னஞ்சலையும் ஒப்படைக்க வேண்டும். புதியவர் கடவுச்சொல்லை மாற்றி, பழையவருடைய கைப்பேசியின் இணைப்பை நீக்க வேண்டும். இது அவரை ஐயுறுவதன்று. பின்னர் அவர்மீது வீண்பழி வராமல் காப்பது.

ஐந்தாவதாக, கணக்கின் அமைப்புப் பகுதியில், வரும் கடிதங்களை வேறொரு முகவரிக்குத் தானாகவே அனுப்பும் கட்டளை ஏதேனும் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மோசக்காரர் ஒருமுறை உள்ளே நுழைந்தால் இத்தகைய கட்டளையை எழுதிவிட்டுப் போவதுண்டு. பின்பு நமது விலைப் பேச்சு முழுவதையும் படித்து, தக்க தருணத்தில், "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வியாபாரியின் பெயரால் எழுதுவார்கள். அத்தகைய கடிதம் வந்தால், பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்து கொள்ளாமல் ஒரு பைசாவும் அனுப்பக் கூடாது. பணம் போய்விட்டதென்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

எங்கள் இலாகாவைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரொக்கப் புத்தகத்தை வரி வரியாகப் பார்க்கும் நாம், சங்கத்தின் கடிதங்கள் எங்கே தங்குகின்றன என்று கேட்பதில்லை. கேட்காத குற்றம் நம்முடையது. ஆய்வுக் குறிப்பில் இதற்கென்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால், பத்து நிமிஷத்துக்கு மேல் செலவாகாது.

அங்கத்தினர்களே, வருகிற மகாசபையில் லாபப் பங்கீட்டைப் பற்றிக் கேட்டு முடித்தபின், இதையும் எழுந்து கேளுங்கள்: "நமது சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கடிதங்கள் சர்வரில் இருக்கின்றனவா, அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கின்றனவா? நகல் எங்கே?" பதில் உடனே வந்தால் மகிழ்ச்சி. "தம்பிக்குத்தான் தெரியும்" என்று வந்தால், அந்தத் தம்பியையும் அழைத்து உட்காரவைத்து, அவர் அறிந்ததை அன்றைக்கே பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.